லோடு ஆட்டோவுக்கு வந்த காய்ச்சல்

மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில், ஏற்றம் வளைந்து திரும்புகிற இடத்தில், ஏனக்காவின் லோடு ஆட்டோ படுத்துவிட்டது. பின்னால் துவைத்துத் தேய்த்து மடித்த படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக இருந்தன. முன்னால் பாதி ஏற்றம் பாக்கி. நடுவில் இடுப்பில் கை வைத்தபடி ஏனக்கா.

எஞ்சினிலிருந்து வந்த அனல், சீட்டின் அடிவழியாக அவள் முட்டி வரைக்கும் ஏறியிருந்தது. முறுக்க முறுக்க வண்டியில் வேகம் செத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது. வேறு வழியில்லாமல் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவனும் அதே லாண்டரிக்குத்தான் ஓட்டுகிறான். அவனுடையது நாலு சக்கரச் சின்ன வேன், தண்ணீரால் குளிரும் எஞ்சின். வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்கினான்.

"என்ன அண்ணி, பாப்பாவுக்கு மறுபடியும் காய்ச்சலா?"

"கிண்டல் பண்ணாம மூட்டையத் தூக்குடா."

"அப்பவே சொன்னேன்ல? தண்ணி குடிக்காத வண்டிய நம்பி மேடு ஏறலாமா? என் வண்டியில முள்ளு எங்க நிக்குது பாருங்க. நடுவுல! தியானத்துல உக்காந்த மாதிரி."

அவள் எட்டிப் பார்த்தாள். முள் நடுவில்தான் நின்றது. எரிச்சலாக இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த முள்ளு எதோட சூட்டக் காட்டுது? தண்ணியோடதா, எஞ்சினோடதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஏன் ஒண்ணு?"

"ஆரம்பிச்சிட்டாங்கடா சாமி" என்று அவன் மூட்டைகளைத் தன் வேனுக்கு மாற்றத் தொடங்கினான்.

இப்படித்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. லாண்டரியில் மற்றவர்கள் "எப்போ வேணும்?" என்றோ "எத்தனை உருப்படி?" என்றோ கேட்பார்கள். அவள் மட்டும் "ஏன்?" என்று கேட்பாள். வெள்ளைத் துணி அலமாரிக்குள் சும்மா இருந்தே ஏன் மஞ்சளாகிறது, ஈரமாகத் தேய்த்தால் சுருக்கம் ஏன் சீக்கிரம் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பெண்கள் அவளை ஏனக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவள் பிறந்ததும் அழுதிருக்க மாட்டாள், 'ஏன் தூக்கிட்டு வந்தீங்க?' என்று நர்சைக் கேட்டிருப்பாள் என்று அவள் புருஷன் சொல்வான்.

இளம் வயதிலேயே இஸ்திரி மேஜைக்கு வந்தவள் அவள். பல வருஷம் நின்றபடியே வேலை. மாலையில் கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் காலிலேயே இருக்கும். பழைய லோடு டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, "பொம்பளைங்க ஏன் லோடு ஓட்டக் கூடாது?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டாள். முதலாளியம்மா நெடுநேரம் யோசித்தார். பதில் கிடைக்கவில்லை. அதனால் சாவி கிடைத்தது. அவள் உட்கார்ந்து செய்த முதல் வேலை அதுதான். ஏற்றத்தில் முகத்தில் வந்து மோதும் காற்றுக்காகவே அவள் மேட்டு லோடை மற்ற எல்லா லோடையும்விட விரும்பினாள்.

அன்று மாலை முதலாளியம்மா கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"ஆஸ்பத்திரியில பெட்டுக்கு விரிப்பு இல்லாம ஆளுங்க காத்திருக்கறாங்க. இது ரெண்டாவது தடவ. இன்னொரு தடவ நடுவழியில நின்னா, மேட்டு லோடு உன் கொழுந்தன் வேனுக்குப் போயிரும். நீ மறுபடியும் மேஜைக்கு வந்துரு. உன்மேல கோவமில்லம்மா. ஆனா எனக்கும் வேற வழியில்ல."

ஏனக்கா தலையாட்டினாள். அவள் கண் தானாக இஸ்திரி மேஜையின் கீழே போனது. அவள் நின்று நின்றே சிமென்ட் தரை அங்கே வழவழவென்றிருந்தது.

மறுநாள் மெக்கானிக் கடைக்குப் போனாள். அந்த மெக்கானிக்கிடம் அவள் பலமுறை போயிருக்கிறாள், ஆனால் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. எப்போதும் ஏதாவது வண்டிக்கு அடியில்தான் இருப்பான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அவள் அந்தக் கால்களிடம்தான் பேசுவாள்.

"தம்பி, என் வண்டி ஏன் சூடாகுது?"

"லோடு ஜாஸ்தியா இருக்கும்க்கா" என்றது வண்டியின் அடி.

"லோடு எப்பவும் அதேதான். மேடும் அதே மேடுதான். ஏன் இப்ப மட்டும்?"

ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்தது. "உங்களுது ஏர்கூல்டு வண்டிக்கா. தண்ணி கெடையாது. எஞ்சின் மேல தகடு தகடா இருக்குல்ல, அதுல ஃபேன் காத்தடிச்சுக் குளுத்துது. ஆனா காத்து பாதிதான் பாக்கும். மிச்சம் ஆயில்தான் பாக்கணும்."

"ஆயிலா? அது உராயாம இருக்கறதுக்குத்தானே?"

"அதுவும்தான். ஆனா போற எடமெல்லாம் சூட்டையும் அள்ளிக்கிட்டு வரும்க்கா. பிஸ்டனோட அடிப்பக்கம், கிராங்க், மேல வால்வுப் பக்கம், எல்லாத்தையும் தொட்டுச் சூட்ட வாங்கிக்கும். அப்புறம் கீழ சேம்பருக்கு, அதான் ஆயில் தொட்டிக்கு, எறங்கி வந்து, வெளிக்காத்துல ஆறி, மறுபடி மேல போகும். நீங்க அழுக்குத் துணிய எடுத்துட்டு வந்து வெளுத்துக் கொண்டுபோய்க் குடுக்கறீங்கள்ல, அதே மாதிரி."

ஏனக்காவுக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. எஞ்சினுக்குள் ஒரு லாண்டரி ஓடுகிறது!

"அப்ப என் கொழுந்தனோட வேன்ல? அதுலதான் தண்ணி இருக்கே?"

"அதுலயும் ஆயில் இந்த வேலையப் பாக்கும்க்கா. தண்ணி, சிலிண்டரச் சுத்தியும் தலைப்பகுதியிலயும் ஓடும். பிஸ்டனுக்கு அடியிலயோ கிராங்க்கிட்டயோ தண்ணி போக முடியுமா? போனா எஞ்சின் காலி. அங்கெல்லாம் ஆயில் ஒண்ணுதான்..."

அதற்குள் கடை வாசலில் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். கால்கள் இரண்டும் வண்டிக்கு அந்தப் பக்கமாக நழுவிப் போய்விட்டன. "ஆயில் அளவ மட்டும் பாத்துக்குங்க!" என்று குரல் வந்தது. அவ்வளவுதான்.

பாதிப் பதில் ஆபத்தானது. மீதியை ஏனக்கா தானே போட்டு நிரப்பிக்கொண்டாள். துணி மூட்டை நிறைய இருந்தால் லாண்டரியில் என்ன செய்வார்கள்? தூக்க ஆளைக் கூட்டுவார்கள். சூட்டைத் தூக்குவது ஆயில் என்றால், ஆயிலைக் கூட்டினால் சூடு சீக்கிரம் இறங்க வேண்டியதுதானே? பெரிய கேனாகவே ஒன்று வாங்கினாள். அளவுக் கம்பியில் மேல் கோடு ஒன்று இருந்தது. அந்தக் கோடு சிக்கனக்காரர்களுக்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டு, அதைத் தாண்டித் தாராளமாக ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் வண்டியைத் தட்டிக்கொடுத்து, "நல்லா குடிச்சுட்டுத் தெம்பா ஏறு" என்றாள்.

வண்டி தெம்பாக ஏறவில்லை. முன்பைவிட மோசமாக முனகியது. பின்னாலிருந்து நீலப் புகை சுருள் சுருளாக வந்தது. சூடும் குறைந்தபாடில்லை, கூடியே இருந்தது. ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் மர நிழலில் வண்டியை அவளே நிறுத்தி ஆறவிட்டு, பிறகு நத்தை மாதிரி ஊர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். தானாக நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். ஆனால் அந்த வாதம் முதலாளியம்மாவிடம் எடுபடாது என்று அவளுக்கே தெரியும்.

திரும்பி வந்து, எஞ்சின் ஆறும் முன்பே அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். கம்பியில் இருந்தது ஆயில் மாதிரியே இல்லை. குமிழ் குமிழாக, டீக்கடைக்காரர் ஆற்றிய டீயின் மேல் நிற்பது மாதிரி நுரை. விரலில் தொட்டுப் பார்த்தாள். நுரை உடைந்து, விரலில் ஆயில் என்று மிஞ்சியது கொஞ்சம்தான்.

அதே நேரம் உள்ளே ஒரே கூச்சல். புதிதாகச் சேர்ந்த பெண் பெரிய மெஷினில் சோப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். கதவின் ஓரமெல்லாம் நுரை பிதுங்கித் தரையில் வழிந்தது. டிரையரைப் பார்த்துக்கொள்ளும் ஏனக்காவின் புருஷன், பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு நுரைக்குள் நின்றிருந்தான்.

"அழுக்கு நல்லா போகட்டும்னு போட்டேண்ணே" என்று அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தாள்.

"நுரை அழுக்க எடுக்காதும்மா! நுரைக்குள்ள என்ன இருக்கு? வெறும் காத்து. துணியெல்லாம் மெத்தை மேல படுத்த மாதிரி நுரை மேல படுத்துக்கிச்சு பாரு. மெஷினும் சுத்த முடியாம தவிக்குது!"

ஏனக்கா கையில் கம்பியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். நுரையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆயில் கோட்டுக்கு மேல் ஏறினால், உள்ளே சுழலும் கிராங்க் ஆயிலிலேயே முங்கி அடிக்கும். அடித்தால் நுரைக்கும். நுரை என்பது வெறும் காற்று. காற்றுக் குமிழ் எந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வரும்? போதாததற்கு, அத்தனை ஆயிலையும் கலக்கிக்கொண்டு சுற்றுகிற பாடு வேறு எஞ்சினுக்கு!

"என்னங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "நீங்க இப்ப சொன்னது ரொம்பப் பெரிய விஷயம்."

"நானா? என்ன சொன்னேன்?" என்று நுரைக்குள் நின்ற அவன் பயந்துவிட்டான்.

மெக்கானிக் கடையில் அவள் சொன்னதைக் கேட்டதும் கால்கள் அசையாமல் நின்றன. பிறகு முதல் தடவையாக வண்டிக்கு அடியிலிருந்து முகம் வெளியே வந்தது. சின்ன வயசு. மூக்கு நுனியில் கிரீஸ்.

"அக்கா! ஃபுல் கோட்டுக்கு மேலயா ஊத்துனீங்க?"

"நீதானே ஆயில் பாதி வேல பாக்குதுன்னே?"

"பாதி வேல பாக்குதுன்னா பாதி எஞ்சின் ஆயில்ல முங்கணும்னா சொன்னேன்?"

நுரைத்த ஆயிலை முழுவதும் இறக்கிவிட்டு, கேனிலிருந்து புதிய ஆயிலைக் கோட்டுக்குச் சரியாக ஊற்றிக் கொடுத்தான். கேனில் நிறையவே மிச்சமிருந்தது. புகை நின்றது. முனகலும் நின்றது. ஆனால் ஒரு சுற்றுப் போய் வந்தபோது முட்டிக்கு அந்தப் பழைய அனல் வந்துகொண்டுதான் இருந்தது. அவள் செய்த தப்பு சரியாகிவிட்டது. அதற்கு முன்பிருந்த நோய் அப்படியே இருந்தது.

லாண்டரிக்குத் திரும்பியதும் முதலாளியம்மா ஆளனுப்பினார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு லோடு அதிகம். ரெண்டு வண்டியும் போகட்டும். உன்னோடது நிக்காம ஏறுச்சுன்னா மேட்டு லோடு உனக்கே. நின்னா, பின்னால வர்ற வேன் எல்லாத்தையும் ஏத்திக்கட்டும். அதோட சரி."

ஏனக்கா வழக்கமான இடத்துக்கு, பின்சுவரை ஒட்டி, வண்டியைக் கொண்டுபோனாள். அங்கே நிழல் உண்டு. ஜன்னல் வழியாகவே புருஷன் மூட்டைகளை நீட்டிவிடுவான். வண்டி புறப்படக் காத்திருக்கும் நேரமெல்லாம் எஞ்சின் அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். அவள் இறங்கி எஞ்சின் முன்னால் குந்தினாள். என்ன செய்வதென்று தெரியாதபோது கை தனக்குத் தெரிந்ததைச் செய்யும். இஸ்திரிப் பெட்டி காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பாளோ, அப்படியே பாட்டில் தண்ணீரில் விரல் நுனியை நனைத்து, கீழே சேம்பரின் மேல் ஒரு சொட்டுத் தெளித்தாள்.

'சுர்.'

பாவம், ஆயில் தன்னால் முடிந்ததைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது. சரி, காற்று என்ன செய்கிறது? ஃபேன் காற்று போகும் மூடியின் இடுக்கு வழியாக, தகடுகளின் மேல் ஒரு சொட்டுத் தெளித்தாள்.

சத்தமே இல்லை.

காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் தெளித்தாள். சுர் இல்லை. வழியவும் இல்லை. சொட்டு விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விட்டது, துண்டில் விழுந்த தண்ணீர் மாதிரி.

துண்டு!

கொடியில் தொங்கிய கம்பி ஹேங்கர் ஒன்றை எடுத்து நேராக்கி, நுனியைக் கொக்கியாக வளைத்து இடுக்குக்குள் விட்டு இழுத்தாள். பூனை வால் மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ நீளமாக வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது. பஞ்சு. ஆயில் ஆவியில் ஊறி, கம்பளியாக இறுகிப்போன பஞ்சு.

புருஷன் ஜன்னலில் தலையை நீட்டினான். "என்ன அது? என் டிரையர்ல வர்ற பஞ்சு மாதிரி இருக்கு?"

"மாதிரி இல்லங்க. அதேதான்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். வண்டிக்கு நேர் மேலே டிரையரின் சூட்டுக்காற்று வெளியேறும் குழாய் வாய் பிளந்து, நூல் தூசியை மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. "இது எப்பவும் இப்படித்தான் கொட்டுமா? குழாயில ஒரு வலை இருக்குமே, ஏன் இல்ல?"

"கிழிஞ்சிருந்துச்சு. கழட்டிட்டேன். புதுசு மாட்டணும்னு நெனச்சேன்."

"எப்ப?"

"நெனச்சப்போ..." என்று இழுத்தான். பிறகு அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்து அவன் முகம் மாறியது. "அப்போ உன் வண்டி நின்னது..."

"ஃபேன் காத்த இழுக்கும்போது பஞ்சையும் சேத்து இழுத்திருக்கு. எஞ்சினுக்குக் கம்பளி போத்தி மேடு ஏத்தியிருக்கேன். காத்தோட வேலையையும் சேத்து ஆயிலே தூக்கியிருக்கு. எத்தன நாள்தான் தூக்கும்?"

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். இருவரும் மூடியைக் கழற்றி, இருட்டுவதற்குள் தகடு தகடாகச் சுத்தம் செய்தார்கள். வண்டியை எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிட்டார்கள். குழாய்க்கு வலையும் வந்துவிட்டது. மெல்லிய தலையணை உறை ஒன்றைக் கிழித்து அவனே கட்டினான்.

"தினமும் அத உதறணும், இல்லன்னா டிரையருக்கு மூச்சடைக்கும்" என்றாள் அவள்.

"உதறுறேன். நாளைக்கே நல்ல வலையும் வாங்குறேன். ஏன் எதுக்குன்னு கேக்காத தாயே."

காலையில் மூட்டைகள் ஏறின. கொழுந்தன் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டு, கண்ணாடியில் தலை வாரிக்கொண்டான். "அண்ணி, மெதுவா போங்க. பின்னால நான் இருக்கேன். படுத்துட்டா பாப்பாவையும் சேத்து ஏத்திக்கறேன்."

ஏனக்கா காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம், தையல் மெஷினில் ஊசி உடைந்த மாதிரி. ஸ்டார்ட் ஆனதும் அடங்க வேண்டிய சத்தம் அடங்கவில்லை.

"ஆப் பண்ணுடா. ஆயில் பாத்தியா?"

"ஆயிலா? முள்ளப் பாருங்க அண்ணி, நடுவுல..."

"அது தண்ணியோட முள்ளுடா. தண்ணி போகாத எடத்துக்கு யார் போறாங்க?"

அவன் விழித்தான். புருஷன் ஜன்னலிலிருந்து அவளையே பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. இந்த வேன் இன்று ஏற்றத்தில் படுத்தால், மேட்டு லோடைக் கேட்க வேறு ஆளே கிடையாது. வாயை மூடிக்கொண்டு புறப்பட்டால் போதும். இஸ்திரி மேஜை ஒரேயடியாகத் தூரப் போய்விடும்.

அவள் இறங்கிப் போய், எஞ்சின் ஆயில் கீழே வடியட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு அவன் வண்டியின் கம்பியை உருவினாள். நுனியில் கரேலென்று ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

"இவ்வளவு கொஞ்சமா இருக்கறது ஆறக்கூட நேரமில்லாம மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கு. மேட்டுல பாதி ஏறுறதுக்குள்ள கருகிரும். உன் முள்ளு அப்பவும் தியானத்துலதான் உக்காந்திருக்கும்."

கொழுந்தனின் சிரிப்பு காணாமல் போயிருந்தது. "அண்ணி, இப்ப என்ன பண்றது? ஆயில் வாங்கப் போனா நேரமாயிருமே."

அவள் தன் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பெரிய கேனை இழுத்தாள். கேனில் எழுதியிருந்ததையும் வேனின் ஆயில் மூடியில் இருந்ததையும் ஒப்பிட்டு, அவன் எஞ்சினுக்கும் அது ஆகும் என்று உறுதி செய்துகொண்டாள். கொஞ்சம் ஊற்றினாள், பொறுத்தாள், கம்பியைத் துடைத்து விட்டுப் பார்த்தாள், மறுபடியும் கொஞ்சம் ஊற்றினாள்.

"நிறையவே ஊத்துங்க அண்ணி, நல்லா இருக்கட்டும்."

"கோட்டுக்கு மேல ஒரு சொட்டுகூட ஊத்த மாட்டேன். ஏன்னு கேளு."

"ஏன்?" என்றான் அவன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

"போற வழியில சொல்ல முடியாது. வந்து சொல்றேன்."

இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. வளைவு வந்தது. அவள் முறுக்கினாள். முட்டியில் அனல் வருகிறதா என்று காத்திருந்தாள். கொஞ்சம் வந்தது, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. வேகம் குறையவில்லை. காற்று முகத்தில் மோதியது. பின்னால் வேனிலிருந்து டிக் டிக் சத்தம் வரவில்லை. ஹாரன் சத்தம்தான் வந்தது, சீக்கிரம் போங்கள் என்று.

ஆஸ்பத்திரி வாசலில் மூட்டைகளை இறக்கும்போது ஏனக்காவுக்கு முதலாளியம்மாவிடமிருந்து போன் வந்தது. மூட்டையைச் சுமந்திருந்த அவளால் எடுக்க முடியவில்லை. கொழுந்தன் எடுத்தான்.

"ஏறிருச்சும்மா. நிக்கவே இல்ல. சாவிய அண்ணிக்கிட்டயே விட்டுருங்க. நானா? நானும் வந்துட்டேன்." அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என் வண்டிதான் நிக்க இருந்துச்சு. அது பெரிய கதை. அண்ணியே சொல்வாங்க. நீங்க கேக்கலன்னாலும் சொல்வாங்க."

மூட்டைகளை இறக்கிவிட்டு வந்து, ஏனக்கா விரலை நனைத்து முதலில் தகட்டின் மேல் தெளித்தாள். 'சுர்.' சேம்பரின் மேல் தெளித்தாள். 'சுர்.' இரண்டும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, பக்கத்தில் ஆஃப் செய்து வைத்திருந்த வேனுக்குள் ஃபேன் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"டேய்" என்றாள். "எஞ்சின்தான் நின்னுருச்சே, அது மட்டும் ஏன் சுத்துது?"

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.